டாஸ்மாக்கைக் கேள்வி கேட்பது யார்? நீலகிரியின் காலி பாட்டிலும் சட்டப்பேரவையின் 5 கதவுகளும் - ஒரு விளக்கம்

நீலகிரி மாவட்டத்தில் டாஸ்மாக் கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கினால், பாட்டில் மேல் அச்சிட்டிருக்கும் விலையோடு 10 ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். 2022 மே மாதம் இந்தத் திட்டம் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாக நீலகிரியில்தான் தொடங்கியது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காட்டோரம் வீசப்படும் பாட்டில் உடைந்தால் யானையின் காலைக் கிழிக்கும். தேயிலைத் தோட்டத்துக்குள் விழுந்தால் கொழுந்து பறிப்பவரின் காலைக் கிழிக்கும். தேவாலா, பந்தலூர், ஓவேலி பக்கம் யானையும் மனுஷனும் ஒரே வழியில்தான் நடக்கிறார்கள்.

ஆனால் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தது யார்? சட்டப்பேரவை இல்லை. துறையே யோசித்துக் கொண்டுவந்ததும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில், வனம் தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு அமர்வு கொடுத்த அழுத்தத்தால் வந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. டாஸ்மாக் அரசு நிறுவனம். அரசைக் கேள்வி கேட்க வேண்டிய இடம் சட்டப்பேரவை. அப்படியிருக்க ஒரு காலி பாட்டிலுக்குக்கூட நாம் ஏன் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது? விரிவாகப் பார்ப்போம்.

டாஸ்மாக் என்பது என்ன? துறையா, கம்பெனியா?

நிறையப் பேர் டாஸ்மாக்கை ஓர் அரசுத் துறை என்றே நினைக்கிறார்கள். அது துறை கிடையாது, கம்பெனி. தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்ற பெயரில் 1983-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம். பங்குகள் முழுவதும் தமிழ்நாடு அரசின் கையில். மேலாண்மை இயக்குநராக ஐஏஎஸ் அதிகாரி இருப்பார்.

முதலில் அதன் வேலை மொத்த விற்பனை மட்டும்தான். சில்லறைக் கடைகளைத் தனியார் ஏலம் எடுத்து நடத்தினார்கள். 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில் வந்தது. 2003 நவம்பர் இறுதியில் இருந்து கடை, கல்லா, விற்பனையாளர் எல்லாமே டாஸ்மாக்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மது விற்கும் உரிமை டாஸ்மாக்குக்குக் கிடைத்ததே 'மதுவிலக்குச் சட்டம்' என்ற பெயருள்ள சட்டத்தின் வழியாகத்தான். ராஜாஜி காலத்தில், 1937-ல், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவர எழுதப்பட்ட அதே சட்டம்.

எவ்வளவு பணம்?

டாஸ்மாக் சில்லறை விற்பனையைத் தொடங்கிய 2003-04 நிதியாண்டில் மது மூலம் அரசுக்கு வந்த வருவாய் 3,639 கோடி ரூபாய். 2023-24-ல் அது 45,855 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. சராசரியாக ஒரு நாளைக்கு 132 கோடி ரூபாய். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

இந்த 48 ஆயிரம் கோடி டாஸ்மாக்கின் லாபம் இல்லை. ஆயத்தீர்வை, வாட் என்ற 2 வரிகளாக அரசுக் கஜானாவுக்குப் போகும் பணம் இது. இதில் பெரும்பகுதி வாட். டாஸ்மாக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கு தனி.

இந்த வித்தியாசம் முக்கியம். ஏன் என்று இனி பார்ப்போம்.

கண்காணிக்க வேண்டியவர்கள் யார்?

சட்டப்பேரவை ஓர் அரசு நிறுவனத்தைக் கேள்வி கேட்க 5 கதவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கலாம்.

கதவு 1: மானியக் கோரிக்கை

ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்குப் பிறகு ஒவ்வொரு துறையும் 'இந்த ஆண்டு எனக்கு இவ்வளவு பணம் வேண்டும்' என்று பேரவையிடம் கேட்கும். அதுதான் மானியக் கோரிக்கை. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கோரிக்கையும் அப்படித்தான் வரும். அன்றைக்குத் துறை அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைப்பார். கடைகளின் எண்ணிக்கை, ஊழியர்களின் எண்ணிக்கை, கடந்த ஆண்டு வருவாய் எல்லாம் அதில் இருக்கும். 48,344 கோடி என்ற எண்ணும் 2025 ஏப்ரலில் வைக்கப்பட்ட அந்தக் குறிப்பில் இருந்துதான் வெளியே வந்தது.

இதில் 2 சிக்கல்கள். முதலாவது நேரம். விவாதம் ஒரே நாளில் முடிந்துவிடும். 2025-ல் மதுவிலக்குத் துறையை வைத்திருந்த அமைச்சர் செந்தில்பாலாஜியின் கையில்தான் மின்சாரத் துறையும் இருந்தது. ட்ரான்ஸ்ஃபார்மர், மின் கட்டணம், டாஸ்மாக் என எல்லாக் கேள்வியும் ஒருவரையே நோக்கி வரும்போது, ஒரு உறுப்பினருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் எதைக் கேட்பார்?

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. பேரவை அன்று ஓட்டுப் போட்டு அனுமதிப்பது துறையின் செலவை. ஆணையர் அலுவலகம், விழிப்புணர்வுப் பிரசாரம், கள்ளச்சாராயம் விட்டவர்களுக்கு மறுவாழ்வு உதவி போன்றவை. டாஸ்மாக் என்ற கம்பெனி எந்த மது ஆலையில் இருந்து எவ்வளவு பெட்டி வாங்குகிறது, லாரி டெண்டர் யாருக்கு, பார் டெண்டர் யாருக்கு என்பதெல்லாம் கம்பெனியின் சொந்தக் கணக்கு. அது மானியக் கோரிக்கைக்குள் வராது.

அதாவது வரியாக உள்ளே வரும் பணத்தைப் பேரவை பார்க்கிறது. அந்தப் பணத்தைச் சம்பாதிக்கும் கம்பெனி எப்படி நடக்கிறது என்பது வெளியே நின்றுவிடுகிறது.

கதவு 2: கேள்வி நேரம், கவன ஈர்ப்பு

கூடலூர் (தனி) தொகுதியில்தான் தேவாலா வருகிறது. அந்தத் தொகுதி எம்எல்ஏ நினைத்தால் 'பந்தலூர் தாலுகாவில் எத்தனை கடை, எத்தனை புகார், என்ன நடவடிக்கை' என்று கேள்வி கொடுக்கலாம். 2021 தேர்தலில் இங்கே வென்றவர் அதிமுகவின் பொன்.ஜெயசீலன். அதாவது எதிர்க்கட்சி உறுப்பினர். கேள்வி கேட்கும் உரிமை ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆனால் பெரிய பிரச்சினை வெடிக்கும்போது இந்தக் கதவு எப்படி வேலை செய்தது? 2 சம்பவங்களைப் பார்க்கலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது டாஸ்மாக் சரக்கு இல்லை, கள்ளச்சாராயம். ஆனால் அதைத் தடுக்க வேண்டியது அதே மதுவிலக்குத் துறை. பேரவை அப்போது நடந்துகொண்டிருந்தது. விவாதம் கேட்டு அமளி செய்த அதிமுக உறுப்பினர்கள் ஜூன் 26 அன்று, கூட்டத்தொடர் முடியும்வரை இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஜூன் 29 அன்று மதுவிலக்குச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. கள்ளச்சாராயத்தால் உயிரிழப்பு ஏற்பட்டால் ஆயுள் தண்டனை வரை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று கடுமையான திருத்தம். பிரதான எதிர்க்கட்சி அவையில் இல்லாமலே அது சட்டமானது.

2025 மார்ச் 6 முதல் 8 வரை சென்னை எழும்பூரில் இருக்கும் டாஸ்மாக் தலைமை அலுவலகத்தில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. 1,000 கோடி ரூபாய்க்கு மேல் கணக்கில் வராத பணம் கைமாறியது, கடைகளில் பாட்டிலுக்கு 10 முதல் 30 ரூபாய் வரை கூடுதலாக வாங்கினார்கள், பார் டெண்டரிலும் போக்குவரத்து டெண்டரிலும் முறைகேடு என்று குற்றம் சாட்டியது. அரசு மறுத்தது. ஏப்ரல் தொடக்கத்தில் 'அந்த தியாகி யார்?' என்ற பேட்ஜ் அணிந்துவந்து அதிமுக உறுப்பினர்கள் பேரவையில் பிரச்சினையைக் கிளப்பினார்கள். வெளியேற்றப்பட்டார்கள்.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தை அவையில் விவாதிக்கக் கூடாது என்பது எல்லாச் சட்டமன்றங்களிலும் இருக்கும் மரபு. நியாயமான மரபுதான். ஆனால் விளைவைப் பாருங்க. ஒரு விவகாரம் பெரிதானால் கோர்ட்டுக்குப் போகிறது. கோர்ட்டுக்குப் போனால் அவையில் பேச முடியாது. சின்னதாக இருக்கும்போது யாரும் கேட்பதில்லை, பெரிதானபின் கேட்க முடிவதில்லை.

அந்த வழக்கு என்ன ஆனது?

அமலாக்கத்துறைக்கு எதிராக அரசும் டாஸ்மாக்கும் தொடுத்த வழக்கை 2025 ஏப்ரல் 23 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மே 22 அன்று தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு விசாரணைக்குத் தடை விதித்தது. தனிநபர்கள் மேல் வழக்குப் போடலாம், ஒரு அரசு நிறுவனத்தின் மேலேயே எப்படி என்று கேட்டது. கூட்டாட்சி அமைப்பை மீறுவதாகவும் அமலாக்கத்துறையைக் கடிந்துகொண்டது.

அந்த விசாரணையில் மாநில அரசுத் தரப்பு ஒரு தகவலைச் சொன்னது. 2014 முதல் 2021 வரை டாஸ்மாக் கடைகளோடு தொடர்புடைய தனிநபர்கள் மேல் மாநில அரசே 41 முதல் தகவல் அறிக்கைகளைப் பதிவு செய்திருக்கிறது என்பதே அது. 'நாங்களே நடவடிக்கை எடுத்துவருகிறோம்' என்பதற்காகச் சொன்னது. ஆனால் வேறு ஒரு கேள்வியும் இதில் இருக்கிறது. 7 ஆண்டுகளில் 41 வழக்கு என்றால் எங்கோ ஒரு ஓட்டை தொடர்ந்து இருந்திருக்கிறது. அதை ஒட்டுமொத்தமாக உட்கார்ந்து ஆராய வேண்டியது யார்? அதற்குத்தான் மூன்றாவது கதவு.

கதவு 3: சிஏஜியும் பொது நிறுவனங்கள் குழுவும்

இதுதான் இருப்பதிலேயே வலுவான கதவு.

டாஸ்மாக் போன்ற அரசுக் கம்பெனிக்குத் தணிக்கையாளரை நியமிப்பதே சிஏஜி எனப்படும் இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்தான். அந்தத் தணிக்கைக்கு மேல் சிஏஜி தானும் ஒருமுறை துணைத் தணிக்கை செய்யலாம். கம்பெனிகள் சட்டம் 2013-ன் 395-வது பிரிவுப்படி, கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுக் கூட்டம் முடிந்த 3 மாதத்துக்குள் தயாரித்து, தணிக்கை அறிக்கை, சிஏஜியின் கருத்து ஆகியவற்றோடு சட்டப்பேரவை முன் வைக்க வேண்டும்.

அப்படி வைக்கப்படும் அறிக்கைகளை எடுத்து ஆராய்வது பேரவையின் பொது நிறுவனங்கள் குழு. இதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இருவருமே இருப்பார்கள். அதிகாரிகளை நேரில் கூப்பிட்டுக் கேட்கலாம், ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம், மாவட்டங்களுக்கு நேரில் போகலாம். கேமரா இல்லை, மேஜையைத் தட்டுவது இல்லை. அதனாலேயே நிதானமாகக் கேள்வி கேட்க முடியும்.

வரம்பும் உண்டு. 'மது விற்கலாமா வேண்டாமா' என்ற கொள்கைக்குள் இப்படிப்பட்ட குழுக்கள் பொதுவாகப் போகாது. ஆனால் 'எந்த அடிப்படையில் கொள்முதல் செய்கிறீர்கள், டெண்டரில் ஏன் போட்டி குறைவு, கடையில் ஏன் பில் தருவதில்லை' என்று கேட்பதை எதுவும் தடுக்காது.

தேவாலா மக்களுக்கு இந்த இடத்தில் நன்றாகத் தெரிந்த இன்னொரு பெயர் வருகிறது: டான்டீ. தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டக் கழகம். இலங்கையில் இருந்து திரும்பிவந்த தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசுத் துறையாகத் தொடங்கி, பிறகு கம்பெனியாக மாறியது. கூடலூர், பந்தலூர் பக்கம் பல குடும்பங்களின் வாழ்க்கையே அதில்தான்.

சட்டத்தின் கண்ணில் டான்டீயும் டாஸ்மாக்கும் ஒரே ரகம். இரண்டும் அரசுக் கம்பெனி, இரண்டுக்கும் சிஏஜி தணிக்கை, இரண்டும் அதே பொது நிறுவனங்கள் குழுவின் வரம்புக்குள். ஒன்று எஸ்டேட் தொழிலாளிக்குச் சம்பளம் கொடுக்கிறது. இன்னொன்று அதே சம்பளத்தில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

டான்டீயில் நஷ்டம் என்றதும் எல்லோரும் கேள்வி கேட்டார்கள். நிர்வாகம் சரியில்லை என்றார்கள். 2022-ல் அதன் தோட்ட நிலத்தில் 2 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேலானதை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு ஆணையே போட்டது. தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். டாஸ்மாக் விஷயத்தில் வருமானம் கூடிக்கொண்டே போகிறது. அதனாலேயே நிர்வாகத்தைப் பற்றிய கேள்வி பின்னால் போய்விடுகிறது. நஷ்டம் வந்தால்தான் கணக்குக் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பழக்கம்தான் அப்படி ஆகிவிட்டது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

கதவு 4: விதிகளைப் பார்ப்பது

சட்டத்தைப் பேரவை இயற்றும். ஆனால் அன்றாடம் நம்மைத் தொடுவது விதிகள். கடை எத்தனை மணிக்குத் திறக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பாட்டில் என்ன விலை என்பதையெல்லாம் அரசே ஆணை, அரசிதழ் அறிவிப்பு மூலம் மாற்றிவிடலாம்.

உதாரணம் 1: தூரம். 2003-ம் ஆண்டு விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் கல்வி நிலையம், வழிபாட்டுத் தலத்தில் இருந்து 50 மீட்டர் தள்ளிக் கடை இருந்தால் போதும். மற்ற இடங்களில் 100 மீட்டர். விதிவிலக்குகளும் உண்டு. தேவாலா நெல்லியாளம் நகராட்சிக்குள் வருகிறது. பக்கத்தில் ஓவேலி, தேவர்சோலை இரண்டும் பேரூராட்சி. அதனால் அதே மலை, அதே மாதிரி எஸ்டேட் பள்ளிக்கூடம், ஆனால் ஒரு பக்கம் 50 மீட்டர், இன்னொரு பக்கம் 100 மீட்டர். சென்னையின் நெருக்கமான தெருவை மனதில் வைத்து எழுதிய அளவு, வீடுகள் தோட்டத்துக்குள் சிதறிக்கிடக்கும் ஒரு மலை நகராட்சிக்கும் பொருந்துகிறது. நகராட்சி என்பதால் 'கடை வேண்டாம்' என்று தீர்மானம் போட இங்கே கிராம சபையும் கிடையாது.

உதாரணம் 2: விலை. 2024 பிப்ரவரி 1 முதல் சாதாரண, நடுத்தர ரகங்களில் குவார்ட்டருக்கு 10 ரூபாய், உயர் ரகத்துக்கு 20 ரூபாய் ஏறியது. அரசின் முடிவாகவே அது வந்தது.

உதாரணம் 3: திருமண மண்டபம். 2023 ஏப்ரலில், திருமண மண்டபம், விளையாட்டு மைதானம் போன்ற இடங்களில் சிறப்பு உரிமத்தோடு மது பரிமாறலாம் என்று விதி திருத்தப்பட்டது வெளியே தெரிந்தது. திருத்தம் அரசிதழில் வந்தது மார்ச்சில். கடும் எதிர்ப்பு கிளம்பியதும், மண்டபங்களுக்கு அனுமதி இல்லை என்று அமைச்சர் விளக்கம் கொடுத்தார். விதியும் மாற்றப்பட்டது. பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்த அதே வாரங்களில் இந்த விதி இருந்திருக்கிறது. ஆனால் பிரச்சினையானது அவையில் இல்லை, செய்தியில் வந்த பிறகுதான்.

இப்படிப்பட்ட விதிகளை ஆராய்வதற்கென்றே பேரவையில் ஒரு குழு உண்டு. சட்ட விதிகள் ஆய்வுக் குழு என்று பெயர். மண்டப விதியை அந்தக் குழு முதலில் கவனித்திருந்தால், ஊரே கொந்தளித்திருக்க வேண்டியதில்லை.

கதவு 5: உறுதிமொழிக் குழுவும் மனுக்கள் குழுவும்

அமைச்சர் அவையில் ஒரு வாக்குறுதி கொடுத்தால் அது காற்றில் போய்விடக் கூடாது. நிறைவேறியதா என்று பார்ப்பது அரசு உறுதிமொழிக் குழு.

இந்த விஷயத்தில் ஒரு நல்ல உதாரணமே இருக்கிறது. 2023 ஏப்ரல் 12 அன்று 500 கடைகள் மூடப்படும் என்று அமைச்சர் பேரவையில் அறிவித்தார். அப்போது இருந்தவை 5,329 கடைகள். ஜூன் 22 அன்று 500 மூடப்பட்டு 4,829 ஆனது. எண்ணும் தெளிவு, இடமும் அவைதான், 10 வாரத்தில் முடிந்தது. ஆனால் அடுத்த கேள்வியை யாரும் அழுத்தமாகக் கேட்கவில்லை. கடை குறைந்தது, விற்பனை குறைந்ததா? 2022-23-ல் 44,121 கோடியாக இருந்த வருவாய் அடுத்த ஆண்டு 45,855 கோடி ஆனது. விலையும் நடுவில் ஏறியது என்பதால் வருவாயை மட்டும் வைத்துக் குடிப்பது கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. எத்தனை பெட்டி விற்றது என்று கடைவாரியாகப் பார்த்தால்தான் தெரியும். அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் குழுக்களிடம்தான் இருக்கிறது.

மனுக்கள் குழு பற்றிக் கடைசியில் சொல்கிறோம். அது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

மற்ற இடங்களில் எப்படி?

டெல்லி: 2021-22 மதுக் கொள்கை பற்றிய சிஏஜி அறிக்கை பல மாதங்கள் சட்டமன்றத்தில் வைக்கப்படாமலே இருந்தது. ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரி 25 அன்று வைக்கப்பட்டது. அரசுக்கு 2,002 கோடி ரூபாய் இழப்பு என்றது அறிக்கை. உடனே பொதுக் கணக்குக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. இதில் 2 பாடங்கள். ஓர் அறிக்கையை வைக்கும் நேரத்தை ஆள்பவர்கள் தீர்மானித்தால், கண்காணிப்பும் அவர்கள் கையில்தான் இருக்கும். ஆட்சி மாறிய பின் மட்டும் வெளியே வரும் அறிக்கை, கண்காணிப்பாக இல்லாமல் பழிவாங்கலாகவே பார்க்கப்படும்.

அமெரிக்காவின் டெக்சாஸ்: அங்கே மதுபான ஆணையம் மது விற்பதில்லை, உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்துவது மட்டும்தான். ஆனால் அந்த மாநிலத்தில் ஒரு சுவாரசியமான சட்டம் உண்டு. அரசு அமைப்புகளை, பொதுவாக 12 ஆண்டுக்கு ஒருமுறை, சட்டமன்றக் குழு அக்குவேறு ஆணிவேறாக ஆராயும். சட்டமன்றம் மறுபடியும் சட்டம் போட்டு நீட்டிக்காவிட்டால் அந்த அமைப்பே கலைந்துவிடும். மதுபான ஆணையம் 2019-ல் அப்படி ஆராயப்பட்டு, சீர்திருத்தங்களோடு 2031 வரை நீட்டிக்கப்பட்டது. டாஸ்மாக் 1983-ல் வந்தது, 2003-ல் கடைகளை எடுத்தது. அதன் பிறகு 'இந்த ஏற்பாடு சரியா' என்று முழுசாக உட்கார்ந்து பார்க்க ஒரு தேதி சட்டத்தில் எங்கேயும் குறிக்கப்படவில்லை.

ஸ்வீடன்: அங்கேயும் சில்லறை மது விற்பனையில் அரசுக் கம்பெனிக்குத்தான் ஏகபோகம். ஆனால் லாபத்தைப் பெருக்குவது அதன் நோக்கம் இல்லை, மதுவால் வரும் கேட்டைக் குறைப்பதே நோக்கம் என்று வெளிப்படையாக வரையறுத்திருக்கிறார்கள். இது முக்கியம். எதை அளக்கிறோமோ அதைப் பற்றித்தான் கேள்வி வரும். நம் கொள்கைக் குறிப்பில் கோடிகளைக் கூட்டியும் கழித்தும் பார்க்க முடிகிறது. கல்லீரல் வார்டையும் அடி வாங்கும் மனைவிகளையும் அப்படிப் பார்க்க முடிவதில்லை.

அப்படின்னா கோர்ட் போதாதா?

காலி பாட்டில் விஷயத்தில் உயர் நீதிமன்றம் செய்தது பெரிய வேலை. எதனால் அது பலித்தது? கேள்வி ஒன்றே ஒன்று: காட்டில் ஏன் பாட்டில் கிடக்கிறது? பதிலுக்குக் கெடு இருந்தது. ஒரு மாவட்டத்தில் செய்து பார்க்கச் சொன்னார்கள். எத்தனை பாட்டில் திரும்பியது என்று கணக்குக் கேட்டார்கள். அடுத்த தேதியில் மறுபடி கேட்டார்கள்.

இதில் நீதிபதியால் மட்டுமே முடியும் என்ற அம்சம் எதுவும் இல்லை. ஒரு பேரவைக் குழுவாலும் இதையே செய்ய முடியும். கோர்ட் யாராவது வழக்குப் போட்டால்தான் பார்க்கும். வழக்குப் போட வக்கீல் வேண்டும், பணம் வேண்டும், சென்னை வரை நடக்கத் தெம்பு வேண்டும். தேவாலா லைன் வீட்டில் இருக்கும் ஓர் அம்மாவுக்கு அது முடியாது. எம்எல்ஏ என்பவர் அந்த அம்மாவுக்குப் பதிலாகப் போகத்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

மறுதரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும். மது உணர்ச்சிகரமான விஷயம், குழுவில் கொண்டுபோனாலும் அரசியல்தான் பேசுவார்கள், வருவாய் நின்றால் உரிமைத்தொகை முதல் இலவச பஸ் வரை எல்லாத் திட்டமும் ஆடும் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்வதுண்டு. வருவாய் முக்கியம் என்பது உண்மைதான். ஆனால் கணக்குக் கேட்பதால் வருவாய் நிற்காது. பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கும் 10 ரூபாய் கஜானாவுக்குப் போவதும் இல்லை.

உங்கள் எம்எல்ஏவிடம் கேட்க 5 கேள்விகள்

1. டாஸ்மாக்கின் கடைசி ஆண்டறிக்கை எந்த ஆண்டுக்கானது, எந்தத் தேதியில் பேரவையில் வைக்கப்பட்டது?

2. திரும்பி வராத காலி பாட்டில்களுக்காக வாங்கிய 10 ரூபாய் எந்தக் கணக்கில் இருக்கிறது, எதற்குச் செலவாகிறது?

3. கொள்முதல் எந்த ஆலையில் இருந்து எவ்வளவு, எந்த விதியின்படி?

4. மலைப் பகுதி நகராட்சிகளுக்கு 50 மீட்டர் என்ற தூரம் சரியா?

5. அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கியதாக நம் மாவட்டத்தில் எத்தனை புகார், எத்தனை பேர் மேல் நடவடிக்கை?

இவை அரசியல் கேள்விகள் இல்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் தன் கடை கணக்குப்பிள்ளையிடம் கேட்கும் கேள்விகள். கடைக்குச் சொந்தக்காரர் அரசு, அரசுக்குச் சொந்தக்காரர் நாம்.

நீங்கள் நேரடியாக என்ன செய்யலாம்?

ஒன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம். டாஸ்மாக் அரசு நிறுவனம் என்பதால் இந்தச் சட்டம் அதற்கும் பொருந்தும். மேலே இருக்கும் 1, 2, 5 கேள்விகளை யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் எழுதி அனுப்பலாம்.

இரண்டு, பேரவையின் மனுக்கள் குழு. இந்தக் குழு மாவட்டங்களுக்கு நேரில் வரும். வருவதற்கு முன் மாவட்ட நிர்வாகம் மூலம் அறிவிப்பு வெளியாகும். பொதுப் பிரச்சினை பற்றி யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டும் இருக்க வேண்டும். கோர்ட்டில் இருக்கும் விஷயம், சொந்த வேலைக் கோரிக்கை போன்றவற்றை எடுக்க மாட்டார்கள். 'எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பாதையில் இருக்கும் கடையை மாற்றுங்கள்' என்பது தாராளமாகப் பொதுப் பிரச்சினைதான்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்டால் துறை அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு வக்கீல் தேவையில்லை, ஊட்டிக்குப் போய்வர பஸ் காசு போதும். நீலகிரிக்குக் குழு வரும் அறிவிப்பு கலெக்டர் ஆபீஸில் வெளியாகும்போது, ஊர்ப்பெயர், கடை இருக்கும் இடம், பள்ளியில் இருந்து அளந்த தூரம் மூன்றையும் எழுதித் தயாராக வைத்திருங்கள்.